எழுதிய புத்தகமும் வீடியோ வியாபாரமும்

நம்மவர்களில் புத்தகம் எழுதுகிறவர்கள் இல்லாமலில்லை. பாட்டனார் கப்பலேறி வந்த கதையை எழுதியவர் இருக்கிறார். சொந்த ஊர்ப் பள்ளிவாசலின் சரித்திரத்தைத் தொகுத்தவர் இருக்கிறார். பைத்துகள் இயற்றியவர், சமையல் முறைகளை அச்சிட்டவர், கடைக் கணக்கு எழுதும் முறையைச் சிறு நூலாகப் போட்டவர் என்று எண்ணினால் பத்துப் பேராவது தேறுவார்கள். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஆஸ்தி ஒன்று உண்டு. அது வீட்டு அலமாரியிலோ கடை மச்சிலோ அடுக்கிக் கிடக்கும் விற்காத பிரதிகள்.

இந்நாட்டில் தமிழ்ப் புத்தகம் பெரும்பாலும் எப்படி விலையாகிறது என்பது நேயர்கள் அறிந்ததே. மண்டபம் எடுக்கிறோம். பிரமுகர் ஒருவரை அழைத்து மாலை போடுகிறோம். அவர் முதல் பிரதியை ஒரு தொகை கொடுத்து வாங்குகிறார். வந்தவர்கள் உறையில் அன்பளிப்பு வைத்துக் கொடுத்து ஒரு பிரதியைப் பெற்றுக்கொண்டு, சாப்பிட்டுப் போகிறார்கள். அச்சுக்கூலி அன்றைக்கே வந்துவிடுவதும் உண்டு. ஆனால் மறுநாள் காலை முதல் அந்தப் புத்தகத்தைக் கேட்டு ஒருவரும் வருவதில்லை. உறை கொடுத்தவர் முகத்துக்காக வாங்கினவர். உள்ளபடியே படிக்கக் கூடியவரோ அந்த மண்டபம் எந்தத் தெருவில் இருக்கிறதென்றே அறியாதவர். அவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே இப்பாடத்தின் விஷயம். கையிலுள்ள டெலிபோனையும் யூடியூப், டிக்டாக் முதலிய வீடியோக்களையும் கொண்டு அதைச் செய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யலாம்தான். ஆனால் சொல்கிறவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள்.

நான் ஆசிரியனல்லன். மதறஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்து, ஜாசின் டவுனில் கைலி, தொப்பி, அத்தர், துணிமணிகளோடு ஒரு தட்டில் தமிழ்ப் புத்தகங்களும் வைத்து விற்கிறவன். ஆகையால் இதில் வருவது ஒரு கடைக்காரன் கண்டதும் கேட்டதுமே.

முதலில் என் அத்தா மர்ஹூம் அவர்களின் வியாபாரத்தைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அத்தா 1960-களில் சைக்கிளில் ஜவுளி மூட்டை கட்டிக்கொண்டு ஆசகான், மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய் வந்தவர்கள். லயத்து வாசலில் சைக்கிளை நிறுத்தியதும் மூட்டையை அவிழ்க்க மாட்டார்கள். முதலில் ஒரு முட்டி தண்ணீர் கேட்பார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, தங்கச்சிக்கு மாப்பிள்ளை அமைந்ததா, மழையில் எத்தனை நாள் வெட்டு நின்றது என்று விசாரிப்பார்கள். பேச்சு நடக்கும்போதே இரண்டு மூன்று வீட்டுப் பெண்கள் வந்து சேர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு சேலையை மட்டும் எடுத்து மடியில் விரிப்பார்கள். விலையைக் கேட்டவருக்கு மட்டுமே விலை. பணம் சம்பள நாளில். எல்லாம் ஒரு நீளக் கணக்குப் புத்தகத்தில், யார் வீடு, எந்த லயம், எவ்வளவு பாக்கி என்று எழுதியிருக்கும். அந்தக் கணக்குப் புத்தகம் மட்டும் தொலைந்திருந்தால் அத்தாவின் முதல் முழுவதும் போயிருக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் வீடியோ வியாபாரத்தில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

இனி நடந்த விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற தோட்டப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எனக்கு நெடுநாள் வாடிக்கை. நான் வாத்தியாரையா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். தாம் பிறந்து வளர்ந்து பாடம் சொல்லிக் கொடுத்த தோட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதி 500 பிரதி அச்சிட்டார். லயங்கள், பள்ளிக்கூடம், கடை, திருவிழா, கிராணிமார், பால் எடைபோடும் கொட்டகை என்று எல்லாம் அதில் உண்டு. விழா நன்றாகவே நடந்தது. மீந்த பெட்டிகளை வைக்க அவர் வீட்டில் இடமில்லாமல் என் கடை மச்சுக்கு வந்து சேர்ந்தன. கரையான் வருமோ என்று நான் மாதத்துக்கொரு முறை ஏறிப் பார்ப்பேன். விற்பனைக்காக ஏறியது அபூர்வம்.

என் மகள் இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். “வீடியோ எடுத்துப் போடுங்களேன் அத்தா” என்றாள். சரியென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக்குப் புதுத் துணி விரித்து, பிளாஸ்டிக் பூ வைத்து, வாத்தியாரையாவை உட்கார வைத்தோம். அவர் மேடைப் பேச்சாளர். அவையோருக்கு வணக்கம் சொல்லி, அச்சகத்தாருக்கு நன்றி சொல்லி, அணிந்துரை கொடுத்தவரைப் புகழ்ந்து, தமிழின் தொன்மையைப் பேசி, கடைசியில் நூலின் விலையைச் சொன்னபோது பதினான்கு நிமிஷம் ஆகியிருந்தது. மூன்று வாரம் காத்திருந்தோம். பார்த்தவர்கள் எங்கள் இரு குடும்பத்தின் உறவினர்கள். வந்த ஒரே ஆர்டர் அவருடைய மைத்துனருடையது. அவரும் இனாமாகவே கேட்டார்.

இரண்டாவது வீடியோ தற்செயலாக அமைந்தது. ஒரு மழை மத்தியானம் கடையில் ஆளில்லை. வாத்தியாரையா தம் புத்தகத்திலிருந்து சம்பள நாள் பக்கத்தை எனக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஆபீஸ் வாசலில் வரிசை, பேர் கூப்பிடும் கிராணி, கைரேகை வைக்கும் மை, வாசலுக்கு வெளியே கடன் வசூலுக்குக் காத்திருக்கும் கடைக்காரர்கள், அவர்களிடையே சைக்கிளோடு நிற்கும் ஜவுளி பாய். அது என் அத்தா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபடி முதலிலிருந்து வாசியுங்கள் என்று சொல்லி மகளை எடுக்கச் சொன்னேன். மூன்று நிமிஷம்தான். வணக்கமும் இல்லை, நன்றியும் இல்லை. வீடியோவுக்குத் தலைப்பாகத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், ‘சம்பள நாள்’ இவ்வளவே போட்டோம். தோட்டத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலும் ரோமன் எழுத்திலும் மகள் போட்டாள். நம் பிள்ளைகள் பலர் தமிழ் பேசுவார்கள், தேடும்போது ரோமன் எழுத்தில்தான் தேடுவார்கள் என்பது அவள் சொன்ன காரணம். அந்த ஒரு யோசனைக்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இரவுக்குள் கருத்துகள் வரத் தொடங்கின. ஜொகூரில் இருக்கும் ஓர் அம்மா, மை வைத்த பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் தம் தகப்பனாராக இருக்கலாம் என்று எழுதினார். கிள்ளானிலிருந்து ஒருவர் ஆறாவது லயத்துக் கிணறு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் தம் ஆசிரியரை முகம் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார். இத்தனைக்கும் பிறகுதான் ஒருவர் பின் ஒருவராக, புத்தகம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி வந்தது.

இதற்குக் காரணம் என்ன? இந்த மலாக்காவில்தான் 1896-ல் டான் சாய் யான் என்ற சீனர் புக்கிட் லிந்தாங்கில் வியாபாரத்துக்காக முதன்முதலில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் எழுந்தது. அதையொட்டி லயங்கள், பள்ளிகள், கோயில்கள், நம்மவர் கடைகள் எல்லாம் வந்தன. பின்னர் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. ஜனங்கள் டவுன்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போய்விட்டார்கள். எங்கள் வாத்தியாரையாவின் தோட்டத்தில் இன்று தமிழ்க் குடும்பங்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும். அந்தப் புத்தகத்தை வாங்கக் கூடியவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், ஆனால் ஒருவரும் அங்கே இல்லை. அவர்களைச் சேர்த்து வைத்திருப்பது ஓர் ஊர்ப் பெயர் மட்டும். இராத்திரி தூக்கம் வராத நேரத்தில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கிறவருக்கு முன்னால் வாத்தியாரையா உட்கார்ந்து வாசித்தால் அது சைக்கிளை லயத்து வாசலில் நிறுத்தியதற்குச் சமம். ஆகையால் நூலில் எந்த ஊர், எந்தத் தெரு, எந்தத் தொழில், எந்தக் குடும்பம் வருகிறது என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு வீடியோ போடுங்கள். ‘எனது நூல் அறிமுகம்’ என்று தலைப்பிட்டால் அதை யார் தேடப் போகிறார்கள்?

இப்படிப் புதுக் கருவியைப் பிடித்துக்கொள்வது நமக்கு அந்நியமானதன்று. முன்ஷி அப்துல்லாஹ்வை மலாய்க்காரர்கள் நவீன மலாய் எழுத்தின் தந்தை என்பார்கள். அவர் 1796-ல் இதே மலாக்காவில் பிறந்தவர். அவருடைய கொள்ளுப்பாட்டனார் யமன் தேசத்து அரபி. நாகூரில் வந்து பெண்ணெடுத்தவர். மலாக்காவில் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் படிப்பது அக்கால வழக்கமென்றும், தாமும் அவ்வாறு படித்ததாகவும் அப்துல்லாஹ் எழுதியிருக்கிறார். மலாக்காவில் பாதிரிமார் அச்சுக்கூடம் வைத்தபோது அங்கே போய் எழுத்துக் கோக்கவும் கற்றுக்கொண்டார். அவருடைய சுயசரிதையான ‘ஹிகாயத் அப்துல்லாஹ்’ 1843-ல் எழுதி முடிந்து 1849-ல் சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. கல்லச்சென்றால் கையால் எழுதியதையே கல்லில் பதித்து அச்சிடுவது. கையெழுத்துப் பிரதி படித்துப் பழகிய ஜனங்களுக்கு ஈய எழுத்தை விட அது பிரியமாயிருந்தது. தமிழிலும் நாகூர் முகம்மது அப்துல் காதிறுப் புலவரின் ‘முனாஜாத்துத் திரட்டு’ 1872-லேயே சிங்கப்பூரில் அச்சேறிவிட்டது. நமது முன்னோர்கள் புது யந்திரத்தைக் கண்டு ஒதுங்கி நிற்கவில்லை.

ஆசிரியரின் கைக்கு ஒரு மதிப்புண்டு என்பது இந்தக் காலத்திலும் மாறவில்லை. அமெரிக்காவில் ஜான் கிரீன் என்றொரு நாவலாசிரியர். அவரும் அவருடைய தம்பி ஹேங்கும் 2007 ஜனவரி 1 முதல் ஓராண்டுக்கு ஒருவருக்கொருவர் எழுத்தில் செய்தி அனுப்புவதில்லை, யூடியூப் வீடியோவில்தான் பேசிக்கொள்வது என்று ஒப்பந்தம் செய்து நாள் விட்டு நாள் முறைபோட்டுப் பேசினார்கள். அண்ணன் தம்பி பேச்சை ஊரே கேட்கத் தொடங்கியது. ஓராண்டு முடிந்தும் நிறுத்தவில்லை. 2011-ல் ஜான் கிரீன் தமது அடுத்த நாவலின் முதல் பதிப்புப் பிரதிகள் அனைத்திலும் தாமே கையெழுத்திடுவதாக அறிவித்தார். புத்தகம் வெளிவர மாதக்கணக்கில் இருக்கும்போதே முன்பதிவில் அமேசான் கடையின் விற்பனை வரிசையில் முதலிடத்துக்கு ஏறியது. 2012 ஜனவரி 10-ல் நூல் வெளிவந்தபோது அவர் கையெழுத்திட்டிருந்தது 150,000 பிரதிகள். புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கவில்லை. வெறும் தாள்களைப் பெட்டி பெட்டியாக அனுப்பி, கையெழுத்தானதும் பைண்டிங்கில் சேர்த்துத் தைத்தார்கள். இந்த யோசனை யாருடையதோ, நல்ல வியாபாரி.

இதைக் கேட்டதும் நாமும் கையெழுத்துப் போட்டு விற்கலாமே என்று ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மனிதர் அதற்கு முன் நாலு வருஷத்துக்கு மேல் ஜனங்களோடு பேசியிருக்கிறார். அந்தப் பேச்சில் பெரும்பகுதி தம் புத்தகத்தைப் பற்றியதல்ல. அத்தா கேட்ட முட்டித் தண்ணீரும் காய்ச்சல் விசாரிப்பும்தான் அவருடைய நாலு வருஷம்.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. எஸ். ராமகிருஷ்ணன் ‘சஞ்சாரம்’ என்ற நாவலுக்காக 2018-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றவர். தேசாந்திரி என்ற பெயரில் சொந்தப் பதிப்பகமும் வைத்திருக்கிறார், அதே பெயரில் யூடியூப் சேனலும் நடத்துகிறார். அதில் அவர் டால்ஸ்டாய், தஸ்தயெவ்ஸ்கி என்று பிறர் நூல்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். திருவண்ணாமலை பவா செல்லதுரை பிறர் எழுதிய கதைகளை வாயால் சொல்லியே பெயர் பெற்றவர். சுருதி டிவி என்ற சேனல் இலக்கியக் கூட்டங்களைத் தொடர்ந்து படமெடுத்துப் போட்டு வருகிறது. முன்னே நூறு பேர் கேட்டுவிட்டுக் கலைந்த கூட்டத்தை இப்போது தைப்பிங்கில் உட்கார்ந்தும் கேட்கலாம். பிறர் நூலைப் புகழ்ந்தால் நமக்கென்ன லாபம் என்று கேட்கலாம். பக்கத்துக் கடையில் நல்ல சரக்கு இருக்கிறதென்று சொல்லி அனுப்பும் கடைக்காரரிடம் ஜனங்கள் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன். தன் சரக்கை மட்டுமே புகழ்கிறவனுடைய நாக்கை யாரும் நம்புவதில்லை.

இனி எடுக்கும் முறை. பெரிய கருவிகள் வேண்டாம். கடை வாசலுக்கு எதிர்முகமாக உட்கார்ந்தால் பகல் வெளிச்சமே போதும். வாசலுக்கு முதுகு காட்டினால் முகம் கறுத்துப் போகும். படத்தைக் காட்டிலும் சத்தம் முக்கியம். படம் மங்கலாயிருந்தாலும் பொறுத்துக்கொள்கிற ஜனங்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார்கள். சட்டையில் குத்தும் சிறு மைக் ஒன்று வாங்குங்கள். எடுக்கும்போது மேல் விசிறியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது எடுக்காதீர்கள் (எங்களுடைய அந்த இரண்டாவது வீடியோவில் பாதி வார்த்தை மழையில் போய்விட்டது). பாங்கு நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் வாக்கியத்திலேயே விஷயம் வந்துவிட வேண்டும். பெயர், பட்டம், ஊர் எல்லாம் பிறகு. யூடியூபில் குறும்படம் என்னும் நிமிர்ந்த வீடியோ 2024 அக்டோபர் முதல் மூன்று நிமிஷம் வரை இருக்கலாம். ஒரு பக்கம் வாசிக்க அது தாராளம். நீண்ட பேச்சுக்குப் போனைப் படுக்க வைத்து எடுக்கவும். பின்னணியில் சினிமாப் பாட்டுப் போடாதீர்கள். உரிமைக்காரருடைய பாட்டென்று அந்தத் தளமே கண்டுபிடித்து, வரும்படியை அவருக்குத் திருப்பிவிடும், அல்லது வீடியோவையே நிறுத்திவிடும்.

மார்க்க நூல் எழுதியவர்களுக்குத் தனியே ஒரு வார்த்தை. இந்நாட்டில் மார்க்கப் பாடம் நடத்த மாநில சமய அதிகாரிகளின் தவ்லியா வேண்டும். நூல் எப்படி உருவாயிற்று, யாரிடம் ஓதினோம், எந்த ஏடுகளைப் பார்த்தோம் என்று பேசுவது வேறு, ஸ்கிரீனில் சட்டம் சொல்வது வேறு. சந்தேகமிருப்பவர்கள் முன்கூட்டியே இலாகாவில் கேட்டுக்கொள்வது நல்லது.

புத்தகத்தை வாசித்தே காட்டிவிட்டால் பிறகு யார் வாங்குவார்கள் என்று வாத்தியாரையாவே என்னிடம் கேட்டார். நான் துணிக் கடைக்காரன். துண்டு வெட்டிக் கொடுத்தால் பீஸ் விற்காது என்று நாங்கள் பயந்ததில்லை. ஒரு புத்தகத்தில் இருநூறு பக்கமிருந்தால் பத்துப் பக்கம் கொடுக்கலாம், ஆனால் ஆகச் சிறந்த பத்தைக் கொடுக்க வேண்டும். மட்டமானதைக் காட்டிவிட்டு நல்லது உள்ளே இருக்கிறதென்றால் எவர் நம்புவார்?

இப்போது நாங்கள் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். அந்தச் சம்பள நாள் வீடியோவுக்குப் பின் ஒரே வாரத்தில் நாற்பதுக்கு மேல் ஆர்டர் வந்தது. தபால் செலவு எவ்வளவென்று நான் யோசித்தே வைக்கவில்லை. சிலர் வீடியோவின் கீழே விலாசம் எழுதினார்கள், சிலர் என் வாட்ஸ்அப்பில், சிலர் வாத்தியாரையாவின் மருமகளுக்கு. ஊரெல்லாம் பார்க்கும் இடத்தில் விலாசத்தையும் டெலிபோன் நம்பரையும் எழுத விட்டதே முதல் தப்பு. பணம் வந்ததை ஒரு கடுதாசியிலும் புத்தகம் போனதை இன்னொரு கடுதாசியிலும் குறித்தேன். ஒருவருக்கு இரண்டு முறை போயிற்று. சிகாமட்டில் ஓர் அம்மா பணம் கட்டிவிட்டு ஒரு மாதம் காத்திருந்து, பிறகு மிகவும் பணிவாக, “தம்பி, புத்தகம் தீர்ந்துவிட்டதா, அப்படியானால் பரவாயில்லை” என்று எழுதியிருந்தார். அவருடைய பெயரை நான் அரிசிப் பையின் ஓரத்தில் எழுதியிருந்தேன். பையைக் கிழித்து யாருக்கோ சுருட்டிக் கொடுத்தாகிவிட்டது. இருபது வருஷம் கடை நடத்துகிறவன் செய்யும் காரியமா இது? அத்தாவின் கணக்குப் புத்தகம் அந்தப் பெட்டியின் மேலேயே இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு பேரேடு போட்டேன். தேதி, பெயர், விலாசம், எந்த வீடியோவைப் பார்த்து வந்தார், பணம் வந்த நாள், அனுப்பிய நாள், தபால் நம்பர். ஆர்டருக்கு ஒரே ஒரு நம்பர், ஒவ்வொரு வீடியோவின் கீழும் அது முதல் வரியில் இருக்கும். புத்தக விலை, தபால் செலவு, இரண்டும் சேர்ந்த தொகை மூன்றையும் எழுதிவிடுகிறோம். இணையத்தில் விற்பவர் தம் பெயரையும் தொடர்பையும் முழு விலையையும் தெரிவிக்க வேண்டுமென்று பயனீட்டாளர் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. ‘விலைக்கு உள்பெட்டியில் வாருங்கள்’ என்று எழுதும் வழக்கத்தை நம்மவர்கள் விட்டுவிட வேண்டும். தமிழ்நாட்டுக்கு அனுப்பத் தபால் செலவு புத்தக விலையை எட்டிவிடுகிறது. அங்கே வாங்குகிறவர்கள் பலர் இருப்பின் அங்கேயே ஒரு பதிப்பகத்திடம் அச்சிட்டு விற்க ஒப்புக்கொடுப்பதே உத்தமம்.

அச்சாகுமுன் பணம் வாங்கும் முன்பதிவைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கையில் இல்லாததை விற்காதே என்பது நாம் ஓதிய பாடம். அதற்கு விலக்காக ஸலம் என்ற முறை இருப்பதும் மதறஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். முழு விலையும் பேசிய இடத்திலேயே கொடுக்கப்பட வேண்டும், சரக்கின் தன்மையும் அளவும் தெளிவாக இருக்க வேண்டும், ஒப்படைக்கும் நாள் குறிக்கப்பட வேண்டும். செய்து கொடுக்கச் சொல்லும் இஸ்திஸ்னாஃ என்ற முறையும் ஹனஃபீ மத்ஹபில் உண்டு. எது பொருந்தும் என்பதை உங்கள் ஆலிமிடம் கேளுங்கள். கடைக்காரனாக நான் சொல்வது நாளைப் பற்றி மட்டும்: எத்தனை பக்கம், எந்த அட்டை, எந்த நாளில் கையில் வரும் என்று வீடியோவிலேயே வாயால் சொல்லிவிடுங்கள். அச்சகத்தார் சொன்ன தேதியோடு ஒரு மாதம் கூட்டிச் சொல்லுங்கள்.

இன்னொரு பிசகு, பார்த்த கணக்கைக் கண்டு மயங்குவது. ஒரு நண்பர் தம் வீடியோவை ஆயிரக்கணக்கானோர் பார்த்ததாகப் பெருமையாகச் சொன்னார். எத்தனை பிரதி போயிற்று என்றேன். பேச்சை மாற்றிவிட்டார். பசார் மாலாமில் நடந்து போகிறவரெல்லாம் வாடிக்கையாளரா? யூடியூபில் விளம்பர வருமானத்தில் முறையாகப் பங்கு பெற, குறும்படங்களை விட்டு நீண்ட வீடியோ போடுகிறவருக்கு 1000 சந்தாதாரரும் ஓராண்டில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஒரு நூலாசிரியர் அதைத் துரத்திக்கொண்டு போனால் கடைசியில் புத்தகத்தை மறந்து சமையல் வீடியோ போட வேண்டி வரும். காசு கொடுத்துச் சந்தாதாரர்களை வாங்கித் தருகிறோம் என்று வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

டிக்டாக்கில் நேரலையாகக் கூவி விற்கும் முறை இங்கே பலமாக நடக்கிறது. 2022 முதல் டிக்டாக் ஷாப் இந்நாட்டில் இருக்கிறது. டூடோங்கும் பிஸ்கட்டும் அதில் பறக்கின்றன. புத்தகத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். அங்கே ஜனங்கள் விலை குறையுமா என்று காத்திருக்கிறார்கள். 500 பிரதி போட்ட நூலில் குறைப்பதற்கு என்ன இருக்கிறது? ஆனால் சிறு வீடியோ வாசிப்பை அங்கேயும் போட்டு வையுங்கள், இளையவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

இவையெல்லாம் பிறருடைய கட்டடம் என்பதையும் மறக்க வேண்டாம். இந்திய அரசாங்கம் 2020 ஜூன் 29-ல் டிக்டாக்கைத் தடை செய்தபோது அதில் லட்சக்கணக்கானோரைச் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரே இரவில் கடை இல்லாமல் போயிற்று. பேஸ்புக் தன் நேரலைக் கடை வசதியை 2022 அக்டோபர் 1-ல் நிறுத்திக்கொண்டது. வாடகைக்கு இருக்கிறவனுக்கு நோட்டீஸ் வருவது சகஜம். அப்போது கையில் மிஞ்சுவது பேரேட்டில் உள்ள பெயர்களும் நம்பர்களும்தான். வாங்கினவரிடம் சம்மதம் கேட்டு அவற்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நூல் வரும்போது முதலில் அவர்களுக்கே ஒரு செய்தி அனுப்பலாம். தினம் ஸலாமும் பூப்படமும் அனுப்பி அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

சிகாமட்டு அம்மாவுக்குப் புத்தகத்தை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் புத்தகத்தைத் திறக்குமுன் என் அத்தா பெயரைக் கேட்டார். சொன்னேன். உள்ளே போய் ஒரு பழைய சேலையை எடுத்து வந்து காட்டி, இது உங்கள் அத்தா சைக்கிளில் வந்தது, இதற்குப் பாக்கி ஏதும் இருக்கிறதா பாருங்கள் என்று சிரித்தார். அந்தச் சேலையை அவர் மடியில் விரித்துப் பேசுவதை, அவர் சம்மதத்தோடு, போனில் எடுத்துக்கொண்டு வந்தேன். அதுதான் எங்கள் நாலாவது வீடியோ. அதன் பிறகு மச்சில் இரண்டு பெட்டிதான் பாக்கி. வாத்தியாரையா இப்போது கிணற்றுப் பக்கத்தை வாசிக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு எடுப்பதாக இருக்கிறோம், மழை இல்லாவிட்டால்.